ஆறு திசை திரும்பியது, அவள் பாதை?

விடியற்காலையில் கம்பம் நகரின் சாலையோரத்தில் நின்று பார்த்ததுண்டா? மேற்கே மலைத்தொடர் இருளை உதறி எழுந்து கொண்டிருக்கும். பனி விலகியிராது. அந்த நேரத்திலேயே ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுவிடும். குமுளிக்குச் செல்வன சில. கம்பம்மெட்டு ஏறுவன சில. போடிக்காரர்களைக் கேட்டால் போடிமெட்டு ஏறும் ஜீப்புகளின் கணக்கைச் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் நெருக்கியடித்து அமர்ந்திருப்போர் பெண்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி, கண்ணிலே தீராத தூக்கம். மலைக்கு அப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்களில் களையெடுக்கவும் காய் பறிக்கவும் செல்கின்ற நம் சகோதரிகள் அவர்கள்.

சிறிது நேரம் சென்றதும் அதே சாலையில் இன்னொரு வரிசை வரும். இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன், முதுகிலே புத்தகப் பை. சிலர் சைக்கிளில், சிலர் பேருந்தில், பலர் கால்நடையாய். பள்ளிக்குச் செல்லும் பெண் பிள்ளைகள்.

முதல் வரிசையிலே தாய். இரண்டாம் வரிசையிலே மகள். பள்ளத்தாக்கின் எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலை. மலையேறிச் சென்ற தாய் ஈட்டுகின்ற கூலிதான் மகளின் நோட்டுப் புத்தகம். ஆனால் அந்த மகள், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாளென்றால், அடுத்த ஆண்டு விடியற்காலையில் அவளும் முதல் வரிசையில் ஏறிவிடுவாள். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பள்ளிக்கூடத்துக் கதவு!

அந்தக் கதவைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச விழைகிறேன். அஃது எப்படித் திறந்தது, யார் திறந்தார்கள், யாருக்குத் திறந்தார்கள், எவரை வெளியே நிறுத்தினார்கள் — இவற்றைக் கழகத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். பட்டம் பெறுவதற்காக அன்று, பணி செய்வதற்காக.

இயற்கை என்றார்கள்!

பெண்ணுக்குக் கல்வி கூடாது என்று சொன்னவர்கள் ஒரு காலத்தில் சாத்திரத்தைக் காட்டினார்கள். சாத்திரம் செல்லாக்காசான பின், இயற்கையைக் காட்டினார்கள். "அடுப்படிதான் அவளுக்கு இயற்கை வகுத்த இடம், ஆற்றைத் திருப்ப முடியுமா?" என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியை வேறெங்கே கேட்டாலும் கேட்கலாம், தோழர்களே! கம்பம் பள்ளத்தாக்கிலே நின்று கேட்கலாமா?

பெரியாறு இயற்கையாக மேற்கே ஓடிய ஆறு. மலையிலே பெய்த மழையை வாரிக்கொண்டு அரபிக்கடலிலே கொட்டி வந்த ஆறு. மலைக்குக் கிழக்கே வறண்டு கிடந்த மக்கள் அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தார்கள். கர்னல் பென்னிகுக் தலைமையில் அணை எழுந்தது. கட்டும்போதே வெள்ளம் அடித்துச் சென்றது; மீண்டும் கட்டினார்கள். காய்ச்சலிலே தொழிலாளர்கள் மாண்டார்கள், மீண்டும் கட்டினார்கள். மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். 1895-இல் மேற்கே ஓடிய தண்ணீர் கிழக்கே இறங்கிற்று! இன்று பள்ளத்தாக்கிலே 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது என்றால், இயற்கையின் கட்டளையை மனிதன் மாற்றி எழுதியதன் விளைவு அது. தைப் பொங்கலன்று பாலார்பட்டியிலே அந்த வெள்ளைக்காரப் பொறியாளனுக்கு நன்றி சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள் நம் உழவர்கள். பிள்ளைகளுக்கு அவன் பெயரைச் சூட்டியோரும் உண்டு.

ஆற்றையே திருப்பிய ஊரிலே, ஒரு பெண்ணின் வாழ்வைத் திருப்ப முடியாதென்று எவன் சொல்வது?

ஆனால் ஓர் உண்மையை உரைத்தாக வேண்டும். தண்ணீர் வந்தது 1895-இல். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல்; ஏலக்காய் மணக்கும் ஊருக்கு ரயில் தேவைப்பட்டது, வந்தது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் கௌதியா கல்லூரி தோன்றியது 1956-இல். பெண்களுக்கென ஒரு கல்லூரி, ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, பெரியகுளத்திலே எழுந்தது 1971-இல். திருச்சிராப்பள்ளி புனித அன்னாள் சபைக் கன்னியர் அதனைத் தொடங்கினர். வயலுக்குத் தண்ணீர் வந்த நாளுக்கும், பெண்ணுக்கெனக் கல்லூரி வந்த நாளுக்கும் இடையே 76 ஆண்டுகள்! பயிர் காத்திருக்காது, வாடிவிடும் என்று அறிந்திருந்தோம். பெண் காத்திருப்பாள் என்று எண்ணிவிட்டோம்.

கடல் கடந்து வந்த கதவு

தேனி தனி மாவட்டமானது 1996-இல். அதற்குமுன் இந்தப் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தின் மேற்கு மூலை. எனவே இங்குள்ள பெண் கல்வியின் வேரைத் தேடினால் மதுரைக்குச் செல்ல வேண்டும். மதுரையில் தேடினால் அந்த வேர் பாக் நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் செல்லும்!

யாழ்ப்பாணத்து உடுவில் என்னும் சிற்றூரில் 1824-ஆம் ஆண்டு பெண்களுக்கென ஓர் உறைவிடப் பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்சுலோ அம்மையார். அவர் கணவர் மைரன் வின்சுலோதான் 1862-இல் வெளிவந்த புகழ்பெற்ற தமிழ் ஆங்கில அகராதியின் ஆசிரியர். கணவர் சொற்களைச் சேர்த்தார். மனைவி, சொற்கள் மறுக்கப்பட்ட சிறுமிகளைச் சேர்த்தார். அகராதியை அறிந்தவர் பலர். அம்மையாரை அறிந்தவர் சிலர். அவர் 1833-இல் யாழ்ப்பாணத்திலேயே மறைந்தார். அவருக்குப் பின் வந்த எலைசா அக்னியூ அம்மையார் சற்றேறக்குறைய நாற்பது ஆண்டுகள், விடுமுறைக்கெனத் தாயகம் திரும்பாமல், அந்தப் பள்ளியிலே பாடம் சொன்னார். தாயிடம் பாடம் சொன்ன அதே ஆசிரியை மகளுக்கும் பாடம் சொன்ன பள்ளி அது.

அந்த யாழ்ப்பாண மிஷனிலிருந்துதான் 1834-இல் மதுரைக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் தொடங்கிய பெண்கள் உறைவிடப் பள்ளியின் வழித்தோன்றல்தான் மதுரையிலே கேப்ரன் ஹால் என்று வழங்கும் பள்ளி. அந்தப் பள்ளியை நடத்திய கேட்டி வில்காக்ஸ் அம்மையார்தான் 1948-இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளியில் படித்து முடித்த பெண், அடுத்து எங்கே செல்வாள் என்று கேட்டவர், விடையையும் தாமே கட்டினார்.

இவர்களுடைய நோக்கம் என்ன? சமயம் பரப்புவது. உள்ளூர்க் கிறித்தவ ஊழியருக்கு எழுத்தறிந்த மனைவியர் வேண்டுமென்பது. உடுவில் பள்ளியிலே படித்து முடித்துக் கிறித்தவரை மணக்கும் பெண்ணுக்குப் பள்ளியே சீதனம் கொடுத்த காலமும் இருந்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அரிச்சுவடியைக் கையிலே கொடுத்தவன் ஒன்றை எண்ணிக் கொடுத்தான், அதைப் பெற்றவள் தான் விரும்பியதை எழுதிக்கொண்டாள். எழுத்துக்கு எசமானன் இல்லை!

நம் பகுதியிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுவாளை நம் மக்களின் கழுத்திலே வைத்த ஆங்கில ஆட்சி, அதே கையால் 1920-களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைத் திறந்தது. அடக்குவதற்கென்று தொடங்கிய பள்ளிகள். அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947-இல் குப்பையிலே எறிந்தது. பள்ளிகளை மக்கள் எறியவில்லை, தமதாக்கிக் கொண்டார்கள். மதுரை, திண்டுக்கல், தேனி மூன்று மாவட்டங்களிலும் எத்தனையோ குடும்பங்களில் முதன்முதல் கையெழுத்திட்ட பெண், அந்தப் பள்ளியின் பலகையிலே எழுதிப் பழகியவள்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

கடல் கடந்து வந்தவர்களின் கதை போதும். நம் மண்ணிலே பிறந்த இரு பெண்களைப் பார்ப்போம். இருவரும் 1886-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். இருவரும் அரசின் கட்டளைக்காகக் காத்திராமல், தம் முயற்சியால் பெண்களுக்குப் புகலிடமும் பள்ளியும் கண்டவர்கள்.

ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி. பதினோரு வயதுக்குள் திருமணம், உடனே கைம்மை. கணவன் முகத்தைச் சரியாகக் காணாத சிறுமிக்கு வாழ்நாள் முழுதும் துக்கம் காக்கத் தண்டனை! அவர் தந்தை அந்தத் தண்டனையை ஏற்கவில்லை; படிக்க வைத்தார். 1911-இல் சென்னையிலே பட்டம் பெற்ற சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற கைம்பெண் சிறுமிகளைத் திரட்டிக் கற்பித்தார். கடற்கரையை நோக்கிய ஐஸ் ஹவுஸ் கட்டடம், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம், உறைந்து போன வாழ்வுகள் உருகும் இல்லமாயிற்று.

ஆயினும் அந்த இல்லத்தின் கதவிலே ஒரு தாழ்ப்பாள் இருந்தது. பிராமணக் கைம்பெண்களுக்கே அங்கு இடம். பிறரைச் சேர்த்தால் வைதிகக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்ப மாட்டா என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். சகோதரியின் உள்ளம் அந்தத் தாழ்ப்பாளோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. எதிரே இருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்கு அவர் பள்ளி நடத்தினார். எனினும் அவரைப் போன்ற துணிவுள்ள பெண்ணே தாழ்ப்பாளை முழுதும் அகற்ற முடியவில்லை என்றால், சாதியின் பிடி எத்தகையது என்பதை உணருங்கள்.

இன்னொருவர் டாக்டர் முத்துலட்சுமி. புதுக்கோட்டையிலே பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். தந்தையார் நாராயணசாமி அய்யர். பருவமெய்திய பின் பள்ளி நின்றது. வீட்டிலே படித்துத் தேறினார். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலே ஆண்களோடு ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் ஆதரவால் இடம் கிடைத்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்திலே அமர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவிலே சட்டமன்றம் புகுந்த முதல் பெண் என்ற பெருமை பெற்றார். அவையின் துணைத் தலைவருமானார். கோயிலுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை எதிர்த்து அந்த மன்றத்திலே முழங்கினார். 1930-இல் காந்தியார் கைது செய்யப்பட்டபோது பதவியை உதறினார்.

அந்தக் காலத்திலே ஒரு நாள் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், தோழர்களே.

அவர் வீட்டு வாசலிலே சில சிறுமியர் வந்து நின்றார்கள். தேவதாசிக் குலத்துப் பெண்கள். அந்த வாழ்வு வேண்டாமென்று வெளியேறி வந்தவர்கள். "எங்களுக்குப் படிப்பு வேண்டும்" என்பதே அவர்களது கோரிக்கை. அம்மையார் அவர்களுக்கு விடுதி தேடினார். பிராமணப் பெண்கள் விடுதி இடமில்லை என்றது. வியப்பில்லை. பிராமணரல்லாத பெண்களின் விடுதியும் இடமில்லை என்றது!

இந்த இடத்தைப் படித்துவிட்டு வேகமாகக் கடந்து செல்லாதீர்கள். முதல் கதவு மூடியதைச் சொல்லிச் சொல்லி நாம் மேடையிலே முழங்கியிருக்கிறோம். இரண்டாவது கதவு மூடியதை யார் முழங்குவது? ஒடுக்கப்பட்டோம் என்று குரல் எழுப்பியவர்களின் பெயரால் நடந்த விடுதி, தனக்கும் கீழே ஒருத்தி நிற்கக் கண்டபோது தாழ்ப்பாளைத் தேடியது. மேலே இருப்பவனைப் பார்த்து 'திற' என்று தட்டுகின்ற கை, கீழே இருப்பவளைப் பார்த்து 'நில்' என்று சொல்லுமானால், அந்தக் கை தட்டியது விடுதலைக்கா, பங்குக்கா? இந்தக் கேள்வியைப் பிறரைப் பார்த்துக் கேட்பது எளிது. நம்மைப் பார்த்துக் கேட்டுக்கொள்வதற்குத்தான் இயக்கம் வேண்டும்.

முத்துலட்சுமி அம்மையார் மூன்றாவது கதவைத் தேடி அலையவில்லை. தம் வீட்டுக் கதவைத் திறந்தார். அந்தச் சிறுமியரைத் தம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லத்தின் தொடக்கம். பெயரைப் பாருங்கள்! மன்னர் அவையிலும் மாடு மேய்ப்பவனிடமும் ஒன்றுபோல் பேசிய தமிழ்க் கிழவியின் பெயர். சாதி கேட்காமல், பிறப்பைக் கேட்காமல், ஆதரவற்ற பெண்ணென்றால் உள்ளே வா என்று சொன்ன இல்லம். 1936-இல் அடையாற்றுக்கு இடம் பெயர்ந்தது, வளர்ந்தது, அதன் பெண்கள் பள்ளி மேல்நிலைப் பள்ளியாய் உயர்ந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் முழுமை பெற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வருவதற்குமுன் பள்ளி வந்துவிட்டது!

ஒரு பெண்கள் பள்ளியின் வரலாற்றை எப்படி எழுதுவது? கட்டடத்தின் பரப்பையும், தேர்ச்சி விழுக்காட்டையும், திறந்து வைத்த பெருமக்களின் பெயர்களையும் ஆண்டு மலரிலே அச்சிடுகிறார்கள். நான் கேட்பது ஒன்றே: அந்தப் பள்ளி தொடங்கிய அன்று கதவுக்கு வெளியே நின்றவள் யார்? அவளை உள்ளே அழைத்தவர் யார்? இதற்கு விடை சொல்ல முடிந்த பள்ளி வரலாறு படைத்தது. முடியாத பள்ளி, வாடகை வசூலித்தது.

ஒரே பெயர், இருவேறு தொழில்

"ஆகா! தனியார் பள்ளியைப் புகழ்ந்தாயிற்று. பள்ளிக் கல்வியைத் தனியாரிடமே விட்டுவிடலாம்" என்று ஒருவர் குறுக்கே வரக்கூடும். பொறுங்கள், அய்யா!

உடுவிலிலும் மதுரையிலும் அடையாற்றிலும் எழுந்தவை, அரசு கைவிட்ட பெண்ணைத் தேடிப்போன பள்ளிகள். கட்டணம் கட்ட முடியாதவளுக்காகத் தோன்றியவை. இன்று தேனியிலிருந்து கூடலூர் வரையில் விளம்பரப் பலகைகளிலே சிரிக்கின்ற சுயநிதிப் பள்ளிகளில் பல, கட்டணம் கட்ட முடிந்தவரைத் தேடிப் பேருந்து அனுப்புகின்றன. முன்னவையும் தனியார் பள்ளி. பின்னவையும் தனியார் பள்ளி. தர்மாசுபத்திரியும் மருந்துக் கடையும் மருந்துதான் கொடுக்கின்றன; அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

ஒரு வீட்டிலே ஆணும் பெண்ணும் இருந்து, ஒருவருக்கு மட்டும் கட்டணம் கட்டும் வலிமை இருந்தால், ஆங்கிலப் பள்ளிக்குச் செல்பவன் யார், அரசுப் பள்ளிக்குச் செல்பவள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் ஏறும்போது பெற்றோர் மனத்தராசிலே முதலில் தாழ்வது பெண்ணின் தட்டுதான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு 25 விழுக்காடு இடம் வேண்டுமென்றது. நல்லது. ஆயினும் இடம் கேட்டு நிற்பவளுக்குக் கதவிலே ஒரு கால் பங்கு திறந்தால் போதுமா?

தனி மனிதரின் கருணை, அகல் விளக்கு. அது காட்டிய ஒளிக்கு நாம் கை கூப்பலாம். ஆனால் அகல் விளக்கை வைத்துக்கொண்டு ஊர் முழுதும் இரவைக் கடக்க முடியாது. தெருவெங்கும் விளக்கெரிய மின்சாரம் வேண்டும்; அதற்கு மக்களின் அரசு வேண்டும்.

தமிழ்நாடு இதை உணர்ந்தது. 1920-இல் நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளித்தது. 1956-இல் காமராசர் அதனை மாநிலத் திட்டமாக்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022-இல் நம் மதுரையிலேதான் காலை உணவுத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. கட்சிகள் மாறின, சோறு போட்ட கை மாறவில்லை. பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்ற எளிய உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு அரசியல் தேவைப்பட்டிருக்கிறது!

பயன் விளைந்ததா? 1901-இல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஆயிரத்துக்கு ஆறு பேர். 1951-இல் நூற்றுக்கு ஒன்பது பேர். 2011-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 73 பேர். அதே 2011-இல் தமிழ்நாட்டு ஆண்கள் நூற்றுக்கு 87 பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெற்றி முழக்கம் எழுப்புவோர், அந்த இடைவெளியிலே நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுப்பட்டும்.

தொட்டிலும் ஆலையும்

இந்தப் பகுதிக்கென்று ஒரு கசப்பான கணக்கு உண்டு. 1980-களின் நடுவிலே உசிலம்பட்டி என்ற பெயர் நாடு முழுதும் தலைகுனிவோடு உச்சரிக்கப்பட்டது. கள்ளிப்பாலும் நெல்மணியும் அழிவுக் கருவிகளான கொடுமை. 1992-இல் சேலத்திலே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிற்று. 2001-இல் மதுரை, தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு அது விரிந்தது. கொல்லாதே, எங்களிடம் கொடு என்று அரசு தொட்டிலை நீட்ட வேண்டிய நிலை! அந்தத் தாய்மாரைத் தூற்றுவது எளிது. பெண் என்றால் சீர், செய்முறை, வரதட்சணை, கடன் என்று அவர்களுக்குக் கணக்குக் கற்றுக் கொடுத்த சமுதாயத்தை யார் தூற்றுவது?

அந்தக் கணக்கை மாற்றுவதற்கு ஒரே வழி, பெண்ணைச் செலவிலிருந்து வரவுக்கு மாற்றுவது. அதற்கு இரண்டு வழிகள் நம் மக்கள் முன் வைக்கப்பட்டன. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஒன்று, ஆலை காட்டிய வழி. 2000-ஆம் ஆண்டுகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலப் பெயர் சூட்டிக்கொண்டு தரகர்கள் தென் மாவட்டக் கிராமங்களுக்கு வந்தார்கள். பெண்ணை நூற்பாலைக்கு அனுப்புங்கள்; விடுதியிலே தங்கி மூன்றாண்டு வேலை செய்யட்டும்; முடிவிலே ஒரு மொத்தத் தொகை தருவோம்; தாலிக்குத் தங்கம் வாங்கலாம் என்றார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள் புத்தகத்தை மூடிவிட்டுப் பேருந்து ஏறினார்கள். மூன்றாண்டை முடிக்காமல் உடல் நலிந்து திரும்பியவர்கள் தொகை இன்றியே திரும்பிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

மற்றொன்று, மக்கள் அரசு காட்டிய வழி. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால், எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்குத் திருமண உதவி அறிவிக்கப்பட்டது. தேவதாசி முறையை எதிர்த்துத் தெருத்தெருவாய் முழங்கிய அந்த அம்மையாரின் பெயரை அதற்குச் சூட்டியது பொருத்தம். திருமணத்துக்குப் பணம் வேண்டுமா? பெண்ணைப் படிக்க வை என்றது அரசு. 2022-இல் அதே திட்டம் புதுமைப் பெண் திட்டமாய் மாறியது. அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய். அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி மாணவிகளுக்கும் அது விரியும் என்று 2024-இல் அறிவிப்பு வந்தது. அதாவது, தாலிக்கென்று இருந்த தொகை, படிப்புக்கென்று ஆகிவிட்டது. அதுவும் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலே!

ஆலை சொன்னது: படிப்பை விடு, திருமணத்துக்குப் பணம் தருகிறேன். அரசு முதலில் சொன்னது: படி, திருமணத்துக்குப் பணம் தருகிறேன். பின்னர் சொன்னது: படி, படிப்பதற்கே பணம் தருகிறேன். இந்த மூன்று வாக்கியங்களுக்குள் ஒரு சமுதாயம் நடந்து வந்த தொலைவு அடங்கிக் கிடக்கிறது.

நம் பங்கு என்ன?

ஆயிரம் ரூபாய் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. பேருந்து நேரத்துக்கு வராத மலையடிவாரத்துச் சிற்றூருக்கு அது போதாது. தண்ணீர் வராத கழிப்பறையுள்ள பள்ளிக்கு அது போதாது. பருவமெய்திய பெண்ணை எட்டுக் கல் தொலைவுக்கு எப்படி அனுப்புவது என்று அஞ்சும் தாய்க்கு, விடுதிதான் விடை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் உடுவிலிலே தொடங்கியவர்கள் ஏன் உறைவிடப் பள்ளியாகத் தொடங்கினார்கள்? பெண்ணைப் பள்ளிக்கு அழைத்தால் போதாது, தங்க வைக்க வேண்டும் என்பதை அவர்கள் அன்றே கண்டார்கள். முத்துலட்சுமி அம்மையார் தேடியதும் முதலில் விடுதியைத்தான். கதவு என்று நான் சொன்னதிலே பாதி பள்ளிக் கதவு. மறுபாதி விடுதிக் கதவு.

ஆகவே தோழர்களே, மேடை கட்டுவதும் கொடி கட்டுவதும் நடக்கட்டும். அவற்றோடு ஒரு வேலையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலே எட்டாம் வகுப்பு அல்லது பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண் யாரென்று கணக்கெடுங்கள். ஜீப்பிலே ஏறும் தாயிடம், அவள் திரும்பி வரும் மாலை நேரத்திலே, திண்ணையிலே உட்கார்ந்து பேசுங்கள். கட்டளையிடாதீர்கள், கேளுங்கள். எது தடை என்று அவள் சொல்லுவாள். சில வீடுகளில் பணம்; சில வீடுகளில் பேருந்து; சில வீடுகளில் மாமன் மகன். மாமன் மகனுக்குப் பதில் சொல்ல 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. பேருந்துக்குப் போக்குவரத்துக் கழகத்தாரிடம் மனுக் கொடுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளிலே, கழிப்பறையிலே தண்ணீர் வருகிறதா என்று முதல் கேள்வியாகக் கேட்கச் செய்யுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மாலை விழாது, செய்தி வராது. அவ்வை இல்லத்து வாசலிலே அந்தச் சிறுமியர் நின்ற அன்றும் மாலை விழவில்லை. ஒரு கதவு திறந்தது, அவ்வளவுதான்.

பள்ளியிலே உங்கள் பெண்ணுக்குப் பக்கத்தில் எந்தத் தெருப் பெண் அமர்கிறாள் என்றும் பாருங்கள். பக்கத்திலே ஒருத்தி அமர்வதற்கு முகம் சுளிக்கின்ற பழக்கம் நம் வீட்டிலே இருக்குமானால், அந்த இரண்டாவது விடுதியின் தாழ்ப்பாள் நம் வீட்டிலே கிடக்கிறது என்று பொருள். அதை முதலில் கழற்றுங்கள்.

ஆண்டுதோறும் சூன் முதல் நாள், நீர் போதிய அளவு இருக்கும் ஆண்டுகளில், பெரியாற்று அணையின் தண்ணீர் முதல் போகத்துக்குத் திறந்து விடப்படுவது வழக்கம். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் வயல்கள் அதற்காகக் காத்திருக்கும். அதே சூன் திங்களிலேதான் பள்ளிகளும் திறக்கின்றன. மதகு திறந்ததா என்று கேட்க உழவர்கள் திரண்டு போகிறார்கள். ஒரு நாள் தாமதமானால் மறியல் செய்கிறார்கள். சரியான செயல்!

அதே நாளில், நம் தெருப் பெண்கள் அனைவருக்கும் பள்ளிக் கதவு திறந்ததா என்று கேட்க எத்தனை பேர் போகிறோம்?

மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பிய மண் இது. விடியற்காலை ஜீப்பிலே ஏறவிருக்கும் ஒரு பெண்ணைப் பள்ளிப் பேருந்துப் பக்கம் திருப்புவது நம்மால் முடியும். போய்க் கதவைத் தட்டுங்கள், தோழர்களே!